களத்து அம்பாரமும் நான் எழுதிய மூன்று வரியும்

போன மாதம் பக்கத்துக் காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் புதிதாக வந்திருக்கும் பெண் சப்-இன்ஸ்பெக்டர். என் கடைசி மகளைவிடச் சின்னவர். கிராமத்து ஆட்களையே சேர்த்து விழிப்புக் குழு அமைக்கிறார்களாம். ஆளுக்கொரு மஞ்சள் பனியன், வாட்ஸ்அப்பில் ஒரு குரூப், நாலு முனையிலும் கேமரா. "சார், உங்க காலத்துலயே நம்ம பக்கம் இந்த மாதிரி தொண்டர்கள் இருந்தாங்களாமே. வந்து அனுபவத்தைச் சொல்லுங்க, இவங்களுக்கு உற்சாகமா இருக்கும்" என்றார்.

போனேன். ஓய்வு பெற்ற ஏட்டை யாராவது கூப்பிடுவதே அபூர்வம், சட்டைக்கு இஸ்திரி வேறு போட்டுக்கொண்டு போனேன். சிரிப்புக் கதை ஒன்றைச் சொன்னேன், கை தட்டினார்கள். அப்போது பின்வரிசையில் பால் கேனோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து, "ஏங்க, இவ்வளவும் செஞ்சீங்களே, உருப்படியா எந்தக் குத்தத்தைத் தடுத்தீங்க?" என்று கேட்டார். நல்லவேளையாக டீ வந்தது, பேச்சு திரும்பிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தடுத்தேனா, இல்லை நானே ஒன்றைச் செய்தேனா என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. எழுதினாலாவது தெளிகிறதா பார்க்கலாம் என்றுதான் இந்த நோட்டை எடுத்தேன்.

எங்களுக்குப் பாபநாசத்தில் மளிகைக் கடை. அண்ணன் துபாய்க்குப் போனார், நான் போலீஸுக்குப் போனேன். பயிற்சிக் காலத்தில் ஓடினோம், திட்டு வாங்கினோம், சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்தோம். அதற்குமேல் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நெல்லுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தும் நெல்லைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கடைக்கு அரிசி மூட்டையாக வரும், படியால் அளந்து போகும். நடுவில் அது என்ன பாடு படுகிறது என்று நான் கேட்டதில்லை.

கழக ஆட்சி வந்து சில வருஷம் ஆகியிருந்த நேரம். உழுகிறவனுக்குக் குத்தகை உரிமை, பதிவேட்டில் அவன் பெயர் என்று சட்டங்கள் வந்தன. சென்னையில் போட்ட சட்டம் வயலுக்கு வந்து சேரும்போது தடியும் அரிவாளும் கூடவே வந்தன. கூலியில் ஒரு படி நெல் கூடக் கேட்டால் தகராறு. வெளியூர் ஆளை அறுவடைக்கு இறக்கினால் தகராறு. இதற்கு நடுவில் சின்னச் சின்னத் திருட்டுகள் வேறு. ஒரு ஆடு காணாமல் போனாலும், பம்ப்செட்டில் ஒரு மோட்டார் காணாமல் போனாலும், மேலத் தெரு கீழத் தெருவைச் சொல்லும், கீழத் தெரு மேலத் தெருவைச் சொல்லும். ஆடு கிடைப்பதற்குள் இரண்டு மண்டை உடைந்திருக்கும்.

எங்கள் சப்-இன்ஸ்பெக்டர் தண்டபாணி ஐயாதான் தொண்டர் யோசனையைக் கொண்டுவந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தவே மாட்டார். நிலையத்து வாசலில் ரோஜாத் தொட்டிகள் வைத்திருந்தார், காய்ந்த இலைகளைக் கிள்ளிக்கொண்டே பேசுவார். திருடனைக்கூட "வாங்க, உக்காருங்க" என்பார். மரியாதை எவ்வளவுக்கு ஏறுகிறதோ அவ்வளவுக்கு ஆபத்து என்பது எங்களுக்குத் தெரியும். என்னைச் சாதாரண நாளில் "பாய்" என்பார். கோபம் வந்தால் "ஜமால் சார்" என்பார்.

ரோந்து போய் வந்ததும் நோட்டில் எழுதியதை அவர் முன்னால் உரக்கப் படிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒவ்வொரு வரிக்கும், "இது பாத்ததா, கேட்டதா, நெனச்சதா?" என்று கேட்பார். பார்த்தது என்றால் பேசாமல் இருப்பார். கேட்டது என்றால் யாரிடம் என்பார். நினைத்தது என்று சொல்லிவிட்டால், "நெனப்பெல்லாம் வீட்ல வெச்சுக்குங்க" என்று அந்த வரியை அடிக்கச் சொல்லிவிடுவார். உண்மையில் நல்ல பழக்கம்தான். என் பிள்ளைகளுக்குக்கூட அதைச் சொல்லிக் கொடுத்தேன்.

தொண்டர் ஏற்பாடு இப்படி. பாபநாசத்திலிருந்து சைக்கிளில் முக்கால் மணி நேரத் தொலைவில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். அங்கே மேலத் தெருவில் நாலு பேர், கீழத் தெருவில் நாலு பேர். கையில் கட்ட ஆளுக்கொரு துணிப் பட்டை, இரண்டு பேருக்கு ஒரு தடி, ஒரு விசில். ரோந்துக்கு இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும், அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். "ரெண்டு பேரும் சதா ஒருத்தனை ஒருத்தன் சந்தேகமா பாத்துக்கிட்டே இருப்பான். அதைவிடப் பெரிய பூட்டு நமக்கு எதுக்கு?" என்றார் ஐயா. அவர்களுக்கு மேலே பொறுப்பாக என்னைப் போட்டார். "பாய், நீங்க அவங்க பங்காளியும் இல்ல, இவங்க மாமன் மச்சானும் இல்ல. ரெண்டு தெருவுலயும் உங்களுக்குத் தண்ணி குடுப்பாங்க." எனக்கு இது பெருமையாகவே இருந்தது.

அந்த எட்டுப் பேரில் இரண்டு பேரைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். சுப்பையன், மேலத் தெரு. பண்ணையாருடைய பம்ப்செட்டைப் பார்த்துக்கொள்பவர், குடியிருந்த மனையும் பண்ணைக்குச் சொந்தம். மாரிமுத்து, கீழத் தெரு. கூலி வேலை, விவசாயச் சங்கத்தில் முன்னால் நிற்பவர். இருவரையும் ஜோடி சேர்த்த முதல் நாளே பிரச்சினை வந்தது. விசில் ஒன்றுதான். மாரிமுத்து வாய் வைத்த விசிலில் சுப்பையன் வாய் வைக்க மாட்டார். யோசித்து யோசித்து, விசில் சுப்பையனுக்கு, தடி மாரிமுத்துவுக்கு என்று தீர்ப்புச் சொன்னேன். இதை ஒரு சாமர்த்தியம் என்றே நினைத்துக்கொண்டேன், இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

கூட்டத்தில் நான் சொன்ன சிரிப்புக் கதையும் இவர்கள் இரண்டு பேருடையதுதான். ஒரு நாள் முற்பகல், தோளில் பையோடு ஒரு புது ஆள் வீடு வீடாகப் போய்ச் சுவரில் கரியால் ஏதோ எண் எழுதிக்கொண்டு வந்தார். திருடுவதற்கு அடையாளம் போடுகிறான் என்று நம்மவர்கள் துரத்தினார்கள். அவர் வாய்க்காலில் இறங்கி ஓட, இவர்களும் இறங்கி ஓட, கடைசியில் பிடித்துப் புளியமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் மலேரியா ஒழிப்பு ஊழியர், மருந்தடித்த தேதியைச் சுவரில் எழுதியிருக்கிறார். நான் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைத்தேன். அன்றைக்கு ஓட்டத்தில் சுப்பையனுக்கு மூச்சு வாங்க, விசிலை மாரிமுத்துவிடம் கொடுத்திருக்கிறார், அவர் ஊதியிருக்கிறார், அப்புறம் இவர் வாங்கி ஊதியிருக்கிறார். ஊரே பார்த்தது. நானும் கேள்விப்பட்டேன். நோட்டில் எழுத வேண்டிய விஷயமாக எனக்கு அது படவில்லை.

இனி அந்த வழக்கு.

பண்ணையாருடைய நிலத்தில் இரண்டு ஏக்கரைக் கோவிந்தசாமி என்பவர் பல வருஷமாக உழுது வந்தார். அவர் குத்தகைதாரர் என்று பதிவு செய்யச் சொல்லி மனுப் போட்டார். பண்ணையார், "அவன் என் கூலியாள், குத்தகையும் கிடையாது ஒன்றும் கிடையாது" என்றார். சம்பா கதிர் முற்றி நின்றது. நாங்கள்தான் அறுப்போம் என்று சங்கம் கொடியோடு நின்றது, பண்ணையார் வெளியூரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவரப் போவதாகச் செய்தி வந்தது. அரிவாள் எல்லார் கையிலும் இருக்கும், அறுவடைக் காலம் பாருங்கள். என்ன நடக்கும் என்று நினைத்தாலே எங்களுக்குக் குலை நடுங்கியது.

ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்ட அதிகாரி, ஒரு உத்தரவு போட்டார். இரு தரப்பு ஆளும் சேர்ந்து அறுத்து அடித்து, நெல்லை அளந்து, ஊருக்கு வெளியே இருந்த பொதுக் களத்தில் அம்பாரமாகக் குவிக்க வேண்டும். மனு முடிவாகும்வரை ஒரு மணியைக்கூட யாரும் தொடக் கூடாது. காவலுக்கு ஊர்த் தொண்டர்கள். அப்படியே செய்தோம். அறுத்த கையோடு அளந்ததில் நாற்பது மூட்டை. அதைக் கூம்பாகக் குவித்து, தலையாரியைக் கூப்பிட்டு முத்திரை போட்டோம்.

அந்த முத்திரையைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். சாணியைத் தண்ணீரில் பாலாகக் கரைத்து, கையால் அள்ளி அம்பாரத்தின் மேல் வரிவரியாக வீசுவார்கள். காய்ந்ததும் வரி நெல்லோடு ஒட்டிக்கொள்ளும். யாராவது ஒரு கை நெல் எடுத்தாலும் மேலே இருப்பது சரிந்து வரி உடைந்துவிடும். பூட்டும் இல்லை, அரக்கும் இல்லை, ஆனால் ஏமாற்ற முடியாது. நான் காலையும் மாலையும் போய் அந்த வரிகளை நோட்டில் படமாக வரைந்துகொள்வேன். எங்கே தடிமன், எங்கே மெலிவு, எங்கே சொட்டு என்று எல்லாம் இருக்கும். தண்டபாணி ஐயாவே அந்தப் படங்களைப் பார்த்து, "பரவாயில்லையே பாய்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, மாசி மாதத்தில் யாரும் எதிர்பாராத மழை, ஒரு புதன்கிழமை சாயங்காலம். வைக்கோலால் மூடியிருந்தோம், இருந்தும் தரையோடு தண்ணீர் ஓடி அடிப்பக்கம் நனைந்தது. வியாழக்கிழமை காலை வைக்கோலை விலக்கிப் பார்த்தேன். வரிகள் அப்படியே இருந்தன. 'மழை. முத்திரை சரி' என்று எழுதினேன்.

அப்போது மாரிமுத்து என்னிடம் வந்தார். "பாய், உள்ளுக்குள்ள சூடேறுதுங்க. கிட்ட வந்தாலே வாடை அடிக்குது பாருங்க. பிரிச்சு ஒரு வெயில் காட்ட ஆர்டர் வாங்கிக் குடுங்க."

"செவ்வாய்க்கிழமை ஆர்.டி.ஓ. தீர்ப்பே சொல்லிடுவார், பொறுங்க" என்றேன்.

"செவ்வாய்க்கிழமைக்கு மொளைச்சுடுங்க."

"உத்தரவு இல்லாம தொட முடியாது மாரி. தொட்டா நானே புடிப்பேன்."

சுப்பையன் கொஞ்சம் தள்ளி நின்று வரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, பண்ணை ஆள், அவருக்கு இதில் அக்கறை இருக்காது என்று நினைத்தேன். ஐயாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று சைக்கிளை மிதிக்கும்போது நினைத்தேன், நிலையத்துக்குப் போனதும் மறந்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்கு நான் பாபநாசம் போய்விடுவேன் என்பது ஊருக்கே தெரியும். தொழுதுவிட்டுத் திரும்ப இருந்தவனை, யாரோ பெரிய தலைவர் வருகிறார் என்று பந்தோபஸ்துக்கு நிறுத்திவிட்டார்கள். சனிக்கிழமை காலைதான் களத்துக்குப் போக முடிந்தது.

வைக்கோலை விலக்கினேன். அம்பாரம் கூம்பாக இருந்தது, வரிகளும் இருந்தன. ஆனால் என்னவோ உறுத்தியது. நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். தலையாரி இடதுகைக்காரர். அவர் வீசிய வரி இடப்பக்கம் தடிமனாகத் தொடங்கி வலப்பக்கம் மெலிந்து முடியும். என் படம் ஒவ்வொன்றிலும் அப்படித்தான் இருந்தது. களத்தில் இருந்த வரிகள் வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் மெலிந்தன. யாரோ ஒரு வலதுகைக்காரர் புதிதாக முத்திரை போட்டிருக்கிறார்! சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குக் கோபமோ பயமோ வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. இதைக் கண்டுபிடிக்க என்னைத் தவிர யாரால் முடியும்! வியாழக்கிழமை மாரிமுத்து சொன்னது என் மண்டையில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியக் காவல் அவர்கள் இரண்டு பேருக்கும்தான். கூப்பிட்டு நிற்க வைத்தேன்.

"நேத்து மத்தியானம் யார் இருந்தது?"

சுப்பையன் தரையைப் பார்த்தபடி, "நான் சாப்பிட வீட்டுக்குப் போயிட்டேன் பாய். சாயங்காலம்தான் வந்தேன். மாரிதான் இருந்தான்" என்றார்.

மாரிமுத்து திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது, ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி ஒரு பார்வை. பிறகு என்னிடம், "ஆமாங்க. நான்தான் இருந்தேன்" என்றார்.

"அம்பாரத்தைத் தொட்டியா?"

"தொட்டோம். எடுக்கலீங்க."

"தொட்டோம்னா யாரு யாரு?"

"தொட்டேன்" என்று திருத்திக்கொண்டார். அதற்குமேல் எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லை. சங்கத்து ஆட்கள் வந்து கேட்டார்கள், கோவிந்தசாமி காலில் விழாத குறையாகக் கேட்டார், மாரிமுத்து மனைவி அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. குற்றம் செய்யாதவன் ஏன் பேசாமல் இருக்க வேண்டும்? செய்தவன் ஏன் தொட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்?

நோட்டில் மூன்று வரி எழுதினேன். 'பார்த்தது: முத்திரை மாற்றிப் போடப்பட்டுள்ளது. கேட்டது: வெள்ளி மதியம் மாரிமுத்து தனியாக இருந்தான், சுப்பையன் சொல். நினைத்தது: களவு.' ஐயா கண்ணை மூடிக் கேட்டார். மூன்றாவது வரியை அடிக்கச் சொல்வார் என்று பார்த்தேன். "அளந்து பாத்துடலாமே" என்றார். ஞாயிற்றுக்கிழமை இரு தரப்பையும் வைத்து அளந்தோம். இரண்டு மூட்டை குறைந்தது. நான் நினைத்தது பார்த்ததாகிவிட்டது.

பண்ணையார் எழுத்தில் புகார் கொடுத்தார். மாரிமுத்துவை நான்தான் சைக்கிள் பக்கத்தில் நடத்திக் கூட்டி வந்தேன். நெல் வழக்குச் சொத்தாக நிலையத்துக்கு வந்து, பின்பக்க ஓட்டுக் கொட்டகையில் அடுக்கப்பட்டது.

அன்று வீட்டில் சாப்பிடும்போது என் கண்டுபிடிப்பை மனைவி சுபைதாவிடம் விலாவாரியாகச் சொன்னேன். அவர் திருவாரூர்ப் பக்கம், வீட்டிலேயே நெல் அவித்துக் காயவைத்துக் குத்திய குடும்பம். குழம்பை ஊற்றிக்கொண்டே, "புதன்கிழமை மழை பேஞ்சுச்சே, நெல்லைக் காயவெச்சாங்களா?" என்றார்.

"அதெல்லாம் தொடக் கூடாது."

"நனைஞ்ச அம்பாரத்தை அப்படியே விடுவாங்களா யாராச்சும்? பிரிச்சுக் காயவெச்சு மறுபடி குவிச்சிருப்பாங்க. பச்சை நெல்லு காஞ்சா அளவு குறையும், இதுகூடவா தெரியாது உங்களுக்கு?"

கை சோற்றிலேயே நின்றுவிட்டது. எனக்கு மாரிமுத்துவின் குரல், சூடேறுது, வாடை அடிக்குது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை ஐயாவிடம் போனேன். தொட்டியில் இலை கிள்ளிக்கொண்டிருந்தார். மழை, ஈரம், காய்ந்தால் அளவு குறையும் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "சொல்லுங்க ஜமால் சார், காயவெச்சதை நீங்க பாத்தீங்களா?" என்றார்.

"இல்லைங்க ஐயா."

"காயவெச்சதா யாராச்சும் உங்ககிட்ட சொன்னாங்களா? மாரிமுத்து சொன்னானா?"

"இல்லைங்க."

"அப்ப இது நெனச்சது."

மறுபடி மாரிமுத்துவிடம் போய், கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கெஞ்சினேன். "காயவெச்சீங்களா மாரி? சொல்லித் தொலைங்க. தனி ஆளா நாப்பது மூட்டையைப் பிரிச்சுக் குவிக்க முடியாது. கூட யாரு இருந்தா? அந்த ஆளு வந்து சொன்னா விட்டுடுவாங்க."

"நான் ஒண்டிதான் பாய்" என்றார். அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து விசாரணைக்கு வந்தது. என்னைக் கூண்டில் ஏற்றி, முத்திரை மாறியிருந்ததா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அளவு குறைந்ததா என்றார்கள். ஆமாம் என்றேன். மழை பெய்ததா என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். மாரிமுத்து பக்கத்து வக்கீல் இளைஞர், நெல்லைப் பற்றி என்னைவிடவும் தெரியாதவர் போலிருக்கிறது. யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லியிருக்கலாம். நோட்டு என் கையில்தான் இருந்தது, 'மழை' என்ற வார்த்தை அதில் என் கையெழுத்தில் இருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அதைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

மாரிமுத்துவுக்கு மூன்று மாதம். திருட்டுக் கும்பல் என்ற பெயர் வந்ததும் அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து தள்ளிப்போய்க்கொண்டிருந்த கோவிந்தசாமியின் மனுவும் நின்றுபோயிற்று, அடுத்த சம்பாவுக்கு அந்த நிலத்தில் வேறு ஆள் உழுதார். தொண்டர் பட்டைகளை ஒவ்வொருவராகக் கொண்டுவந்து நிலையத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். சுப்பையனும் வைத்தார், விசிலோடு. தண்டபாணி ஐயா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார், போகும்போது ரோஜாத் தொட்டி ஒன்றை எனக்குக் கொடுத்தார். என்ன பாராட்டு இது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஒன்று, அந்த ஊரில் அந்த வருஷம் யாரும் யாரையும் வெட்டவில்லை. அதுவும் உண்மைதான். அப்படியானால் எங்கள் ஏற்பாடு பலித்ததா? இதை எப்படிக் கூட்டிக் கழிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

நான் ஏட்டாகி, பல ஊர் சுற்றி, ஓய்வும் பெற்ற பிறகு ஒரு நாள் பாபநாசம் பேருந்து நிறுத்தத்தில் சுப்பையனைப் பார்த்தேன். பண்ணையார் காலமாகி, பிள்ளைகள் நிலத்தையெல்லாம் விற்றுவிட்டுச் சென்னையோடு இருந்துவிட்டார்கள். சுப்பையன் ஒரு ரைஸ் மில்லில் வாட்ச்மேன். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, நான் கேட்காமலேயே சொன்னார்.

"நானும்தான் பாய் காயவெச்சேன். நான், மாரி, அவன் பொண்டாட்டி, மூணு பேரு. நீங்க தொழுகைக்குப் போனதும் பிரிச்சுக் களம் பூரா பரப்பினோம். நல்ல வெயில். நாலு வாட்டி காலால துழாவி விட்டோம். பொழுது சாயறதுக்குள்ள குவிச்சுட்டோம். சாணிப்பால் போட்டது நான்தான்."

"உங்க முதலாளி நெல்லு கெட்டாலும் பரவாயில்ல, கோவிந்தசாமிக்குப் போகக் கூடாதுன்னு இருந்தாரே, உங்களுக்கு ஏன்யா?"

"நெல்லு கண்ணெதிர அவியுது பாய். எப்படி பாத்துக்கிட்டு நிக்கிறது?" என்றார். அது ஏதோ நான் கேட்கக்கூடாத அசட்டுக் கேள்வி என்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு, "அவன் உள்ள இருந்தப்ப அஞ்சலை எங்க நடவுக்கு வரும். நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். இன்னைவரைக்கும் மாரி மூஞ்சில முழிக்கல" என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. சந்தேகத்தையே பூட்டாகப் போட்ட ஊரில் இரண்டு தெருவும் சேர்ந்து கை வைத்த ஒரே வேலை அது. அதைத்தான் நான் களவு என்று எழுதியிருக்கிறேன். மூன்றாம் நாள் கிளம்பி மாரிமுத்துவைத் தேடிப் போனேன்.

கீழத் தெருவில் அவருக்கு இப்போது கான்கிரீட் போட்ட மெத்தை வீடு. மகன் திருப்பூரில். மாரிமுத்து நரைத்து ஒடுங்கியிருந்தார், ஆனால் குரல் அப்படியே இருந்தது. "வாங்க பாய், வாங்க! அஞ்சலை, யாரு வந்திருக்கா பாரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வந்தது. நான் கொண்டுபோன வார்த்தைகளை எப்படியோ சொல்லி முடித்தேன். சுப்பையன் சொன்னதையும் சொன்னேன், கூண்டில் நான் மழையைப் பற்றிப் பேசாமல் இருந்ததையும் சொன்னேன். மன்னிச்சுடுங்க என்றேன்.

சிரித்தார். "விடுங்க பாய். தொட்டோம்ல, நீங்க எழுதுனீங்க. பொய்யா எழுதுனீங்க?"

"சுப்பையனைக் காட்டிக் குடுத்திருந்தா நீங்க உள்ள போயிருக்க வேணாமே?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே அவன் வீட்டைப் பிரிச்சுப் போட்டிருப்பாங்க. மனை பண்ணையோடது, அவனுக்கு மூணு பொட்டப் புள்ளைங்க. நான் உள்ள போனா மூணு மாசத்துல வந்துடுவேன். அவன் எங்க போவான்?" இதைச் சொல்லும்போதும் சிரித்தார். ஜெயிலில் சோறு பரவாயில்லை என்றார். அங்கே தோட்ட வேலை பார்த்த கதையைச் சொல்லி அஞ்சலையையும் சிரிக்க வைத்தார். என் நெஞ்சில் இருந்த பாரம் மெல்ல இறங்கியது. டீயைக் கையில் எடுத்தேன்.

"ஆமா, அந்த நெல்லு என்னாச்சு பாய்?" என்றார். "நான் வெளிய வந்து ரெண்டு வாட்டி ஸ்டேஷன்ல கேட்டேன். கோர்ட்டுல இருக்குன்னாங்க. அப்புறம் கேக்கல."

பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் கழித்து உண்மையைச் சொல்ல வந்துவிட்டு இதில் மட்டும் எதற்குப் பொய் என்று நினைத்தேன். "கொட்டகையிலயே இருந்துச்சு மாரி. எடுக்கச் சொல்லி உத்தரவு வரல. ஐப்பசி மழையில ஓடு ஒழுகி மூட்டையெல்லாம் நனைஞ்சு மொளைச்சுப் போச்சு. நாத்தம் தாங்கல. ஸ்டேஷனுக்குப் பின்னால குழி வெட்டிக் கொட்டினோம்."

"அத்தனை மூட்டையுமா?"

"ஆமா."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அஞ்சலை சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"நீங்க தின்னிருப்பீங்கன்னுல்ல பாய் நெனச்சேன்" என்றார் மாரிமுத்து. "ஸ்டேஷன்காரங்க ஆளுக்கு ரெண்டு மூட்டைன்னு வீட்டுக்குக் கொண்டு போயிருப்பாங்க, அவங்க புள்ளைங்களாவது சாப்பிட்டிருக்கும்னு நெனச்சேன். அப்படி நெனச்சுக்கிட்டுதான் இவ்வளவு நாளும் இருந்தேன்." அவருக்குக் குரல் உடைந்தது. "அப்படிக் காயவெச்சோம் பாய். மறு வருஷம்வரைக்கும் கெடாத மாதிரி காயவெச்சோம். நீங்களாவது தின்னிருக்கக் கூடாதா?"

மூன்று மாத ஜெயிலுக்குச் சிரித்தவர் இதற்கு அழுதார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீங்க கெளம்புங்க பாய்" என்றார். டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.